ஆப்பரேஷன் மேசையில் நான் விழித்திருந்தேன்

அன்புள்ள ஞானத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ சென்னைக்குப் போக விராலிமலை பஸ் ஏறக் கிளம்பியபோது, நான் வழக்கம்போல ரோடு வரைக்கும் உன்னோடு வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டேன். எனக்குக் கால் வலி என்று நினைத்துக்கொண்டாய். அம்மாவை அதிகம் நடக்கவிட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். என் காலுக்கு ஒன்றுமில்லை. அன்று காலையில் உன் பக்கத்தில் நடந்துவர எனக்கு மனம் இல்லை, அவ்வளவுதான். ஏன் என்று இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தேன். நீ பாதியில் நிறுத்திவிட்டாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. மடித்து வைக்கலாம், ஆனால் நீ மடித்து வைக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். உன்னைப்போல டாக்டர் படிப்பு முடித்த பிள்ளைகள் வேறு யாராவது கேட்டாலும் இதைக் கொடு. எனக்கு அதில் வெட்கம் எதுவுமில்லை.

அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய். உன் மாமா சென்னையில் தன் கீழேயே உனக்கு வேலை ஏற்பாடு செய்திருப்பதைச் சொன்னாய். புதிதாக வந்திருக்கும் ஒரு மயக்க மருந்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றும், நோயாளிகள் மயக்கம் தெளிந்து வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான் உன் வேலை என்றும் சொன்னாய். எப்போது கண் திறந்தார்கள், வாந்தி எடுத்தார்களா, பெயரைக் கேட்டால் சொல்கிறார்களா, எப்போது எழுந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மறுநாள் ஒவ்வொருவரிடமும் போய், தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், விழித்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்க வேண்டும். அப்படியே பேச்சு என் வயிற்றுக்கு வந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் குடல் பிதுங்கி நிற்கிறதே, அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது, மாமாவே வந்து மயக்கம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், நானும் கூடவே இருப்பேன் என்றாய்.

அப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். உன்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. முதல் ஆப்பரேஷன் நடந்தபோது நான் தூங்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரிந்தது என்றேன். கத்தி வைத்த இடத்துக்கு நான் வருவதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வார்டில் பயந்துபோன கிழவிகளிடம் பேசுகிற குரலில் பேசினாய்.

"அது மயக்கத்துல வர்ற கனவும்மா. நெறையப் பேருக்கு வரும். நீங்க என்னைக்காவது இப்படிச் சொல்வீங்கன்னு மாமா முன்னாடியே சொன்னாங்க."

சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். ஊற்றினேன்.

ஞானம், அந்த ஆப்பரேஷனில் எனக்கு நேர்ந்ததைக்கூட நான் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். ஆனால் என் வாய் திறப்பதற்கு முன்பே என் பிள்ளையின் காதை ஒருவர் அடைத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது, அந்த மேசைமேல் மறுபடி படுத்ததுபோல இருந்தது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் அம்மா போனபோது நான் சின்னப் பிள்ளை. உன் மாமாதான் எனக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும். ஒருமுறை உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. ஆவூர்ப் பக்கம் இருந்த ஒரு கம்பவுண்டர் வந்து, மரப்பு ஊசி எதுவும் இல்லாமல் அப்படியே கீறிவிட்டார். நான் போட்ட கூச்சலில் எங்கள் அப்பா வெளியே போய்விட்டார். என் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன்தான். எனக்கு முன்னால் அவருக்குத்தான் கண்ணீர் வந்தது. வலியே தெரியாமல் வைத்தியம் பண்ணுகிற டாக்டராகத்தான் நான் வருவேன் என்று அன்று மாலை சொன்னார். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது சொல்லும். அவர் சொன்னபடியே வந்தார். சென்னையில் டாக்டருக்குப் படித்து, பிறகு கப்பலேறிப் போய் மயக்க மருந்துக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தார். அவரைப்போல வர வேண்டும் என்று உன்னிடம் நான் சொல்லிச் சொல்லி வளர்த்ததில் பொய் ஒன்றும் இல்லை. அன்று என் தலையைப் பிடித்திருந்த பையனை நினைத்துத்தான் சொன்னேன்.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். நீ மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தாய். எனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. புதுக்கோட்டை டவுனில் அப்போது ஒரு சர்ஜன் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பேர் வேண்டாம், அவரும் இல்லை, அந்தக் கட்டடத்தில் இப்போது அரிசி மண்டி நடக்கிறது. உன் மாமா ஊர் திரும்பியதும் முதலில் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். கூடவே ஒரு புது மிஷினும் கொண்டுவந்திருந்தார். அதற்கு வேண்டிய சிலிண்டர்கள் லாரியில் வரும். டவுனில் அதைப் பார்க்கவே ஆட்கள் வந்து நின்றார்கள்.

அதுவரைக்கும் நம் பக்கத்தில் ஈத்தர்தான். முகத்தில் துணிக்கூடு வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூச்சு முட்டும், கைகால் உதறும், நாலு பேர் பிடிக்க வேண்டும். எழுந்தபின் இரண்டு நாள் வாந்தி. நெஞ்சுச் சளி உள்ளவர்கள் சிலர் அதிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். உன் மாமா கொண்டுவந்த முறையில் கையில் ஓர் ஊசி, உடனே தூக்கம். பிறகு உடம்பின் தசைகளையெல்லாம் தளர்த்திப்போட இன்னோர் ஊசி. அதற்கப்புறம் நோயாளியால் சொந்தமாக மூச்சுகூட விட முடியாது. தொண்டையில் குழாய் போட்டு, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி டாக்டர்தான் மூச்சைக் கொடுப்பார். அந்தக் காற்றோடு சேர்ந்து போகிற வாயுதான் தூக்கத்தைக் கலையாமல் வைத்திருக்கும். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இதில் ஒன்றைக்கூட அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எதில் நோயாளிகள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று உன் மாமா அப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் என்பதும், அதில் நானும் ஒருத்தி என்பதும்கூட எனக்குப் பின்னால்தான் தெரியும்.

எனக்குச் சொன்னதெல்லாம் இதுதான். மேசையில் படுக்க வைத்ததும் உன் மாமா குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். "பயப்படாத ஆத்தா. நான் ஒன் தலைமாட்டுலதான் இருப்பேன்."

எனக்கு ஒரு பயமும் இல்லை. உன் அப்பாதான் வராந்தாவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டதும் இருட்டிவிட்டது. அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் திரும்பி வந்தது காது. சர்ஜன் தன் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கீரனூர் ரோட்டில் டயர் வெடித்து வெயிலில் நின்றதாகவும், மச்சான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது, வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், நான் விழிக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன். விரல்கூட வரவில்லை. என் நெஞ்சு தானாக ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் செய்யவில்லை. அப்போது சர்ஜன் பேச்சை நிறுத்திவிட்டு, கத்தி கேட்டார்.

அந்த வலியை எழுத மாட்டேன். மனிதருக்குத் தோலிலிருந்து உள்ளே எத்தனை அடுக்கு என்று நீ படித்துத் தேர்வு எழுதியிருக்கிறாய். எனக்கும் ஒவ்வொன்றாகத் தெரியும்.

கத்தினேன். சத்தம் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. 'அருள் நிறைந்த மரியே' சொல்லப் பார்த்தேன், முதல் வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது, ஞானம். அண்ணன் தலைமாட்டில் இருக்கிறார். எனக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருப்பதே அவர் கை. இதோ, இப்போது அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அப்போது பக்கத்தில் நின்ற நர்ஸ் பேசினாள். லூர்து என்று பேர், சின்ன வயது.

"டாக்டர், இவங்க கண்ணுல தண்ணி வருதுங்க. நாடியும் எகிறுது."

"தெரியுது. தொடச்சு விடுங்க. இப்ப மருந்தக் கூட்டுனா முழிக்க நேரமாயிரும். அதைக் குறிக்க வேணாம்."

அண்ணனுடைய குரல். கோபமில்லாத, வேலையில் கவனமாக இருக்கிற குரல். பஞ்சு வைத்து என் இமைகளை யாரோ துடைத்தார்கள். அதற்கப்புறம் நான் அவரைக் கூப்பிடவில்லை. நேரம் எவ்வளவு போனதென்று சொல்லத் தெரியாது. தையல் போடும்போதுதான் திரும்ப இருட்டியது.

விழித்தபோது எல்லாரும் என்னைச் சுற்றிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு வாந்தி இல்லை. அன்று மாலையே கஞ்சி குடித்தேன், மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன், அதற்கடுத்த நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் பக்கத்துக் கட்டிலில் கீரமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பூக்கொல்லை வைத்திருக்கிற குடும்பம். அவளுக்கு ஈத்தர். கஷ்டப்பட்டுப் போனாள். இருமும்போதெல்லாம் தையலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் நடப்பதைப் பார்த்து, டாக்டர் தங்கச்சின்னா தனி வைத்தியம்தான் என்று வார்டில் எல்லாரிடமும் சொன்னாள். ஆப்பரேஷன் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று நான் அவளைக் கேட்டேன். செத்தவள் மாதிரித் தூங்கினேன், ஒன்றுமே தெரியாது என்றாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் உன் மாமா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ எல்லாரிடமும் கேட்கப் போகிறாயே, அதே கேள்விகளைக் கேட்டார். கடைசியாக என்ன ஞாபகம். முதலில் என்ன ஞாபகம். நடுவில் ஏதாவது. நான் சொன்னேன். டயர் வெடித்த கதையைச் சொன்னேன், மச்சான் வண்டியைச் சொன்னேன், லூர்து சொன்னதைச் சொன்னேன், அவர் சொன்னதையும் அவரிடமே சொன்னேன். எனக்குக் கோபம்கூட அப்போது வரவில்லை. அவருக்கு எங்கோ தவறிவிட்டது, தெரிந்தால் துடித்துப்போவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். வார்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"இதை யார்ட்டயும் சொல்லாத ஆத்தா. புத்தி பெரண்டுருச்சும்பாங்க."

அவ்வளவுதான். என் தலையைத் தடவவில்லை, வலித்ததா என்று கேட்கவில்லை. எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், இரண்டு முறை இருப்பதையும், புது முறையில் எனக்குக் கொடுத்துப் பார்க்கப் போவதையும் மச்சான் முன்பே தன்னிடம் சொல்லிக் கேட்டதாகவும், தான் சரி என்றதாகவும் சொன்னார். நோயாளிகளுக்கு முன்கூட்டியே தெரிந்தால் பயந்துகொள்வார்கள், அது ஆராய்ச்சியையும் கெடுக்கும், அதனால் என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம். "ஒன் கூடப் பொறந்தவரு. ஒனக்குக் கெடுதல் நெனப்பாரா?" என்றார். என் வயிறு, என் உடம்பு. அதைப் பற்றி இரண்டு ஆண்கள் வராந்தாவில் நின்று பேசி முடித்திருக்கிறார்கள். உன் அப்பா நல்ல மனிதர். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவரிடம் எதையாவது சொல்லும்போது, இது இவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஒரு நொடி யோசிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

லூர்துவையும் கேட்டேன், கட்டு மாற்ற வந்தபோது. "எனக்கு ஞாபகமில்லைங்க டீச்சரம்மா" என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. உன் மாமா சென்னைக்குப் போனபோது அவளுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்து அழைத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கே பாதி தெரியும். உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்துதான் தூங்குவேன். மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும். ஏன்மா படுக்க மாட்டேங்கிறீங்க என்று நீ கேட்பாய். தையல் இழுக்கிறது என்று உன் அப்பா சொல்லிவிடுவார். நான் பாடம் நடத்துகிற வகுப்பில் ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டுவிட்டால், அந்தச் சத்தத்தில் எனக்கு உள்ளங்கை நனைந்துவிடும். கோயிலில் கண்ணை மூடி நிற்க முடியாது. பீடத்தைப் பார்த்துக்கொண்டே செபம் சொல்வேன். பக்தி அதிகம் என்று பங்குச் சாமியார் மெச்சினார்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, டவுனில் உன் மாமாவுக்குப் பாராட்டு நடத்தினார்கள். சென்னையில் பெரிய டாக்டர்கள் கூடிய இடத்தில் தன் ஆராய்ச்சியைப் படித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நீயும் வந்திருந்தாய், முன்வரிசையில் எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். புது முறையில் வாந்தி இல்லை, சளி கட்டுவது இல்லை, நோயாளி சீக்கிரம் நடக்கிறார் என்று எல்லாருக்கும் புரிகிறமாதிரித் தமிழில் அழகாகப் பேசினார். அத்தனையும் உண்மை. பிறகு சொன்னார்:

"இந்த மொறையில மயக்கம் குடுத்த ஒருத்தருக்குக்கூட ஆப்பரேஷன் நடந்ததே தெரியாது. வெளியில எங்கயும் போக வேணாம், என் தங்கச்சியே சாட்சி. இந்தா, முன்னாலதான் உக்காந்திருக்கு."

என்னை எழுந்து நிற்கச் சொன்னார். உன் அப்பா என் முழங்கையைத் தொட்டார். எழுந்து நின்றேன். கொட்டகை முழுக்கக் கைதட்டியது. நீயும் தட்டினாய், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த மேசையில் நடந்ததையாவது, மருந்து சரியாகச் சேரவில்லை, கை தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் எந்த மருந்தும் இல்லை. என் அண்ணன் நல்ல நினைவோடு, சிரித்த முகத்தோடு, என்னையே என் வாய்க்குப் பூட்டாகப் போட்டார்.

அதன் பிறகும் நல்லது கெட்டதுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தோம். பொங்கலுக்குத் துணி எடுத்து அனுப்புவார். உன் படிப்புக்கு அவர்தான் இடம் பார்த்தார். நான் எதையும் மறுக்கவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்திருப்பார் என்று சில சமயம் நினைப்பேன். இல்லாவிட்டால் நான்தான் கனவு கண்டேனோ என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒரு பொய்யை எல்லாரும் சேர்ந்து இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தால், மெய்யை வைத்திருக்கிறவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அது எவ்வளவு பெரிய கொடுமை என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

நீ சென்னைக்குப் போன மறுநாள், டவுனில் உன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் லீவில் வந்து தங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, உன் அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். உன் மாமி காப்பி போட உள்ளே போனதும் நேராகக் கேட்டேன். நான் சொல்வேன் என்று ஞானத்திடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறீர்களே, கனவு என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால் எதற்கு அதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் மறுக்கவில்லை.

"நீ முழிச்சிருந்தது எனக்கு மேசையிலயே தெரியும்" என்றார். "வாயுவக் கொறைச்சு வச்சிருந்தேன். கொறைச்சாத்தான் சீக்கிரம் முழிப்பாங்க. ஒன்னைய மாதிரி இன்னும் ரெண்டொருத்தர் சொன்னாங்க. அதையெல்லாம் எழுதியிருந்தா அந்த மொறையவே தூக்கிப் போட்டிருப்பாங்க. அதுனால பொழச்சவங்க எத்தன பேரு தெரியுமா ஒனக்கு?"

தெரியும் என்றேன். அந்த மருந்தை நான் குறை சொல்லவில்லை. கீரமங்கலத்துப் பெண் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எழுதியிருந்தால் அடுத்து வருகிறவளுக்கு வாயுவைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்களே, அவள் அரைமணி நேரம் பிந்தி விழித்திருப்பாளே, அதில் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்டேன். பின்னாளில் எல்லாரும் அப்படித்தான் கூட்டி வைத்தார்கள், நானும் கூட்டினேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்படியானால் அதற்கு முன்னால் படுத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டதற்கு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

இதை நீங்களே ஞானத்திடம் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவான் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கும்பிடுகிறமாதிரிக் கையைக் கூப்பினார். "அது மட்டும் முடியாது ஆத்தா. அவன் ஒருத்தன்தான் என்னைய அண்ணாந்து பாக்குறான்" என்றார். அவருக்குப் பிள்ளையில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு அந்த நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் தான் அண்ணாந்து பார்க்கப்பட வேண்டும் என்பதற்காக, நீ என்னைக் குனிந்து பார்க்கும்படி விட்டுவிட்டாரே. காப்பி வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

இதை வைத்து மாமாவை விட்டு வா என்று நான் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்திருக்கிறாய், கற்றுக்கொள். அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள். ஒருத்தியைப் படுக்க வைப்பதற்கு முன்னால் அவளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை அவளிடம் சொல். புருஷனிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதே. பயப்படுவாள் என்றால் பயப்படட்டும். பயந்து வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு உண்டு. மறுநாள் வாந்தி இல்லை, நடந்துவிட்டாள் என்பதோடு தேறிவிட்டாள் என்று முடிவு கட்டாதே. நானும்தான் நடந்தேன். உன் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றை ஒருத்தி சொன்னால், சரியாக அங்கேதான் உன் பேனா எழுத வேண்டும்.

என் ஆப்பரேஷனுக்கு வருகிறேன். திருச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் போய்க் காட்டினேன். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். பழைய தையலைப் பார்த்துவிட்டு, அப்போது மயக்கம் எப்படி இருந்தது என்று பேச்சுவாக்கில்தான் கேட்டார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, முதலில் என்ன கேட்டது என்று கேட்டார். அதற்கப்புறம் தூக்கம் எப்படி என்று கேட்டார். கனவு என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் அழாததையெல்லாம் அழுதேன். இந்தத் தடவை முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம், நான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் நிற்பேன், நீங்கள் கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன் என்றார். அடுத்த மாதம் அவரிடமே செய்துகொள்ளப் போகிறேன். நாளும் குறித்தாகிவிட்டது. உன் அப்பாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். தலையாட்டினார்.

நீ வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் உள்ளே வராதே. உள்ளே என் பக்கத்தில் நிற்கிறவர் என்னை நம்புகிறவராக இருக்க வேண்டும். இன்றைய தேதிக்கு அது நீ இல்லை. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று வராந்தாவில் உன் அப்பாவோடு உட்கார்ந்திரு. மறுநாள் வார்டுக்கு வா. நோயாளிகளிடம் கேட்கிறாயே, அந்தக் கேள்விகளை என்னிடமும் கேள். இந்த ஆப்பரேஷனைப் பற்றியும் கேள், அந்த ஆப்பரேஷனைப் பற்றியும் கேள். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் என் கையைப் பிடிக்காமல், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா